ஏழு கைலி

ஜூன் 16, திங்கள்

பேட்டரி கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாகக் கடை அலமாரியில் சும்மா கிடந்ததை இன்று வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. சுவரோடு பேசுவதற்குப் பதில் இதில் எழுதலாம்.

தமயந்தி சின்னமனூரில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். வளைகாப்பு முடிந்து அழைத்துப் போவதுதான் வழக்கம். அந்த அக்கா, எங்கள் ராஜாத்தி மதினிக்கு வழக்கமெல்லாம் ஒரு பொருட்டா? மூன்றாம் மாதமே வந்து, "முந்தி ரெண்டும் தங்கல. இந்தத் தடவ என் கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். கிளம்பும்போது தமயந்தி எனக்குச் சொன்ன ஒரே புத்தி, கடைத் துணியைக் கடையிலேயே மாற்றிவிட்டு வாருங்கள் என்பது. ஆள் இல்லாத வீட்டுக்கு யாருக்காக மாற்றுவது? நான் மாற்றவில்லை.

பாப்பா பிறந்து இருபத்தேழு நாள் ஆகிறது. கல்யாணமாகிப் பதினோராம் வருடம் வந்தவள். ஆடி கழிந்து ஆவணி நாலு, புதன்கிழமை, இந்தத் தேனி வீட்டுக்கு வருகிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய அன்று நர்சம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கொசுவத்தி, ஸ்பிரே, பினாயில் நெடி எதுவும் பிள்ளைக்கு ஆகாது சார். அதோட மூச்சுப்பை எம்புட்டு இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று தன் கட்டைவிரலைக் காட்டினார். நானும் தினம் என் கட்டைவிரலைப் பார்த்துக்கொள்கிறேன்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். பாப்பா வருவதற்குள் இந்த வீட்டில் ஒரு கெமிக்கல் இருக்கக் கூடாது. டைரியின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் தொடங்கியாகிவிட்டது. எனக்கு நல்ல மூக்கு. இருபது வருடமாகப் பேட்டரி ரிப்பேர் பார்க்கிறவன். மூடியைத் திறந்ததுமே எந்தச் செல் போய்விட்டது என்று மோந்து சொல்லிவிடுவேன். எது நெடி அடிக்கிறதோ அது வெளியே.

ஜூன் 18, புதன்

முதல் சுற்று முடிந்தது. கொசு மருந்து மெஷின், கொசுவத்தி இரண்டு பாக்கெட், பினாயில், பாத்ரூம் ஆசிட், கரப்பான் ஸ்பிரே, எறும்பு சாக்பீஸ், பீரோவிலிருந்து ஒரு கை அந்துருண்டை, சாமி அறையில் இருந்த மல்லிகை ஸ்பிரே. குப்பை வண்டி அம்மா பையை வாங்கி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"என்ன சார், வீட்டைக் காலி பண்றீங்களா?"

"பிள்ளை வருதும்மா."

"பிள்ளை வந்தா வீட்டைக் கழுவுவாக. நீங்க கழுவுறதையே தூக்கிப் போடுறீக."

ஜூன் 19, வியாழன்

கொசு.

ஜூன் 22, ஞாயிறு

சின்னமனூர். காலையில் ஒரு டிராக்டர்க்காரர் அவசரம் என்று வந்து நின்றார். பேட்டரிக்கு பிளேட் மாற்றிக் கொடுத்து, கையைக் கழுவிக்கொண்டு நேராக பஸ் ஏறினேன்.

பாப்பா விழித்திருந்தாள். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, அப்படியே இழுத்து, வாயில் வைத்துச் சப்பினாள். என்ன பிடி! கால் மணி நேரம் விடவில்லை. "அப்பன் வெரலு ருசியா இருக்காக்கும்" என்றார் மதினி. தமயந்தி வந்து மெதுவாக விரலை விடுவித்து, ஈரத்துணியால் பாப்பாவின் வாயைத் துடைத்தாள். அவளுக்குப் பொறாமை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த விரலை மடக்கியே வைத்திருந்தேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 25, புதன்

பட்டியலில் பத்தொன்பதாவது, என் மீசைச் சாயம். அதில் என்னென்னவோ கலக்கிறார்களாம். ஒருவேளை பாப்பா மீசையைப் பிடித்து இழுத்தால்? தூக்கிப் போட்டுவிட்டேன். பக்கத்துக் கடை பாண்டியன் கேட்டான், "என்னண்ணே, மீசை மேல சுண்ணாம்பு கொட்டிருச்சா?" அவனுக்கு என்ன தெரியும்.

பல் தேய்க்கும்போது ஈறு ஓரமாக ஒரு கருநீலக் கோடு கண்ணில் பட்டது. வெற்றிலை போட்டதன் மிச்சம். வெற்றிலையை விட்டு மூன்று வருடம் ஆகியும் கறை போகவில்லை பார்.

ஜூன் 28, சனி

இன்று நான் செய்த காரியம் எனக்கே பிடித்திருக்கிறது.

பாப்பாவுக்குத் துணி வேண்டும். மருந்துக் கடையில் டயப்பர் பாக்கெட்டை வாங்கிப் பிரித்து மோந்தேன். மருந்துக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏதோ சென்ட் நெடி. வேண்டாம். ஜவுளிக் கடையில் புதுத் துணி, கஞ்சியும் சாயமும் கலந்த நெடி. அதுவும் வேண்டாம். பிறந்த பிள்ளையைப் பழந்துணியில்தானே போடுவார்கள்? வீட்டிலேயே இருக்கிறதே!

பட்டறையில் நான் கட்டும் கைலிகள் ஏழு. வெள்ளை இரண்டு, கட்டம் போட்டது ஐந்து. எல்லாம் அசல் பருத்தி. வருடக்கணக்கில் துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகிவிட்டவை. ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த இடங்களை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைச் சதுரமாகக் கிழித்தேன். இருபத்தெட்டுத் துண்டு தேறின. பட்டறைக்கு நான் வேறு வாங்கிக்கொள்கிறேன்.

சோப்புக்கூடப் போடாமல் வெந்நீரில் ஊறவைத்து அலசினேன். முதல் தண்ணீர் சாம்பலாக வந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவது தண்ணீர் வரை விட்டபாடில்லை. கட்டக் கைலியில் சாயம் போகிறது என்றால் சரி, வெள்ளைக் கைலியிலுமா? பழந்துணி அப்படித்தான் இருக்கும். காயவைத்து மோந்து பார்த்தேன். வெயில் வாசனை தவிர வேறில்லை. பாஸ்.

மஞ்சள் பையில் போட்டு, பேட்டரி வயருக்குப் போடும் இரட்டை முடிச்சாகப் போட்டிருக்கிறேன். நாளை கொண்டுபோக வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

தமயந்தி பையை வாங்கி மேலோடு தடவிப் பார்த்தாள். "உங்க கைலியா?"

"ஏழும். நானே கிழிச்சேன். நானே அலசினேன்."

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி, இருக்கட்டும்" என்று உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பதினோரு வருடத்தில் அவள் பேச்சற்றுப் போனதை இன்றுதான் பார்க்கிறேன். மதினி வீட்டுத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஜூலை 6, ஞாயிறு

கோபம். பாப்பாவை ஒரு பூப்போட்ட புதுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். சிவப்புச் சாயம்! என் துணி எங்கே என்று கேட்டால், "நனைஞ்சு கெடக்கு, காயலை" என்கிறாள் தமயந்தி. கொடியைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மாடியில் என்றாள். இருபத்தெட்டுத் துண்டுமா நனையும்? கத்திவிட்டேன். பாப்பா அழுதாள். இப்போதெல்லாம் எனக்கு எடுத்ததற்கெல்லாம் கோபம் வருகிறது. கொசுக்கடியில் தூக்கமில்லாததால்தான்.

ஜூலை 10, வியாழன்

சாக்பீஸ் போனதிலிருந்து எறும்புகள் வீட்டைத் தங்கள் பெயருக்கு எழுதிக்கொண்டன. மஞ்சள்தூள் கோடு போட்டேன். அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

தூளி கட்டுவதற்கு இடம் பார்த்து உள்ளறையை ஒதுக்கினேன். கட்டிலுக்கு அடியில் இரண்டு சாக்குப் பழைய ஈயத் தகடு, நல்ல விலை வரட்டும் என்று போட்டு வைத்தது. இழுத்தபோது ஒரு சாக்கு கிழிந்து தரையெல்லாம் சாம்பல் பொடி. கூட்டித் தள்ளிவிட்டு, சாக்குகளைக் கூடத்து மூலையில் நிறுத்தினேன். அது நெடியடிக்கிற சாமானா என்ன, வெறும் தகடு. பட்டியலில் சேர்க்கவில்லை.

கூட்டி முடித்ததும் வாயில் ஒரு தகரச் சுவை.

ஜூலை 19, சனி

வயிற்றுவலி. ஹோட்டல் பரோட்டா.

ஜூலை 24, வியாழன்

மறுபடி வயிறு. முறுக்கிப் பிழிகிறது. நான்கு நாளாக வெளிக்கும் போகவில்லை. பரோட்டாவை நிறுத்தி ஐந்து நாள் ஆயிற்று, இனி எதன் மேல் பழி போடுவது என்று தெரியவில்லை. வரும் ஞாயிறு பாப்பாவைப் பார்க்கப் போக முடியாது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருண்டு உட்கார்ந்துவிட்டேன். பாண்டியன் வண்டியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனான். புது டாக்டரம்மா, சின்ன வயது. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். என் கையைத் திருப்பி நகங்களைப் பார்த்தார். "என்ன வேலை பாக்குறீங்க?"

"பேட்டரி ரிப்பேர்ம்மா. பிளேட் கழட்டி மாத்துறது, ஈயம் உருக்கி ஊத்துறது, எல்லாம்."

"கீழ் உதட்டை இறக்குங்க."

டார்ச் அடித்துப் பார்த்தார். அந்தக் கருநீலக் கோட்டைத்தான் பார்க்கிறார் என்று தெரிந்து, "வெத்தலைக் கறை" என்றேன். "இது வெத்தலை இல்ல. ஈயம். உங்க ரத்தத்துல ஏறியிருக்கு. டெஸ்ட் எழுதுறேன்."

"ஈயத்துக்கு நெடியே கிடையாதேம்மா" என்றேன். எவ்வளவு முட்டாள்தனமான பேச்சு. அவர் சிரிக்கவில்லை.

"நெடி இருந்தா எல்லாரும் தப்பிச்சிருவாங்களே. வேலை செஞ்ச துணியோடயே வீட்டுக்குப் போவீங்களா?"

"ஆமா."

"வீட்டுல குழந்தைங்க?"

"ஒரு பிள்ளை. ரெண்டரை மாசம் ஆகப்போகுது. இருவதாம் தேதி வீட்டுக்கு வருது. அதுக்கு முந்தி ரெண்டு, தங்கல."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. மறுபடி எழுத ஆரம்பித்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிறகு சொன்னார்: "அந்தப் பொடி துணியில ஒட்டிக்கிட்டு வரும். தரையில இருக்கும், கையில இருக்கும். துவைச்சாலும் முழுசாப் போகாது. பெரியவங்களைவிட குழந்தைக்குத்தான் ஆபத்து. மூளை வளர்ற நேரம்."

துவைத்தாலும் போகாது என்ற இடத்தில் எனக்கு வயிற்றுவலி நின்றுவிட்டது. ஏழு கைலியும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. இருபத்தெட்டுத் துண்டு. ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது.

பாண்டியனிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன். சின்னமனூர் வரைக்கும் என் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஒரு பெண்ணின் தோளில் கைக்குழந்தை. அது என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மதினி வீட்டு வாசலில் கால் வைக்க முடியவில்லை. உடம்பில் கடைத் துணி.

"என்னங்க இந்நேரத்துல? வாங்க உள்ள" என்று தமயந்தி வந்தாள்.

"வர மாட்டேன். அந்தத் துணி எங்க? நான் கொடுத்தேனே, அந்தத் துணி. பிள்ளை மேல இருந்தா முதல்ல எடு. எடு தமயந்தி!"

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவள் பதறவில்லை. உள்ளே போனாள். பரணில் ஏதோ நகரும் சத்தம். மஞ்சள் பையைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். அதில் நான் போட்ட இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது.

ஒரு துண்டுகூட வெளியே எடுக்கவில்லை.

தெருவில், அந்தப் படியில், பையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. போகட்டும்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஈயம் கீயம்லாம் எனக்கு என்ன தெரியும்? பதினோரு வருசம் அந்தக் கைலியை அலசுனவ நான். ஒரு நாளும் தண்ணி தெளிஞ்சதில்ல. தண்ணி தெளியாத துணியைப் பச்சப்பிள்ளைக்கு எப்படிங்க போடுறது?"

"அப்ப என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"கடைத் துணியைக் கடையில போட்டுட்டு வாங்கன்னு எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன். ஆம்பளை வேலைன்னா அப்படித்தான் இருக்கும்னீங்க. இதைக் கொண்டாந்தப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். அம்புட்டு சந்தோசம். சொல்ல மனசு வரல."

மதினி பின்னால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். வழக்கமான கிண்டல் எதுவும் இல்லை. பூப்போட்ட துணியில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் தெருவில் நின்றபடியே பார்த்தேன்.

கிளம்பும்போது தமயந்தி தெருவில் இறங்கி வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். "முந்தி ரெண்டு வாட்டியும் நான்தான் துவைச்சுக்கிட்டு இருந்தேன். இந்த வாட்டி துவைக்கல." பிறகு, "விடுங்க. சாப்பிட்டுட்டுப் படுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 2, சனி

தூங்கவில்லை. ஈயச் சாக்கு இரண்டையும் பழைய ஈயம் எடுப்பவர் வந்து ஏற்றிக்கொண்டு போனார். மஞ்சள் பையையும் அதே வண்டியில் போட்டேன்.

பட்டியலில் இருபத்திரண்டு வரை அடித்தாகிவிட்டது. இருபத்துமூன்று என்று எண் போட்டேன். எதிரே என் பெயரை எழுதக் கை வரவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பாப்பாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். தமயந்திக்கும் எடுத்தார்கள். பாப்பா வீறிட்டது வெளியே நின்ற எனக்குக் கேட்டது. கைலியைப் போடவில்லை, சரி. விரல்? அந்த டிராக்டர் ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம் சப்பினாளே. அன்று தமயந்தி வாயைத் துடைத்ததைப் பொறாமை என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன். பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

முடிவு வந்துவிட்டது. ரத்தத்தில் ஈயம் எனக்கு அறுபத்தொன்று. தமயந்திக்கு எட்டு. பாப்பாவுக்கு மூன்று.

"மூணும் இல்லாம இருந்தா நல்லது. ஆனா மருந்து தேவையில்ல. இனிமே ஏறாமப் பாத்துக்கணும். டிசம்பர்ல மறுபடி பாப்போம்" என்றார் டாக்டரம்மா. எனக்கு மாத்திரை. ஈயத்தைத் தொடக் கூடாது. கூடவே இன்னொன்றும் சொன்னார்: வீட்டைக் காய்ந்த விளக்குமாற்றால் கூட்டக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

டாக்டரிடம் இன்னொன்று கேட்க நினைத்துப் போயிருந்தேன். முந்தி இருந்த இரண்டைப் பற்றி. வாசல் வரை வந்து, திரும்பி, மறுபடி கேட்காமலே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆவணி நாலு வேண்டாம், வீடு இன்னும் சுத்தமாகவில்லை என்று போனில் சொன்னேன். மதினிக்குக் கோபம். "நல்ல நாள் பாத்து வச்சதைத் தள்ளிப் போடுறதா? ஊரு என்ன சொல்லும்?" தமயந்தி போனை வாங்கினாள். "அவுக சொல்றபடி இருக்கட்டும்க்கா." ஆவணி பத்தொன்பது என்று மாற்றியாயிற்று.

ஆகஸ்ட் 21, வியாழன்

பத்து நாளாக இதே வேலை. சுவர், கதவு, ஜன்னல் கம்பி, மின்விசிறி இறக்கை, கட்டில் கால் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து, வாளித் தண்ணீரை மாற்றி மாற்றித் துடைக்கிறேன். இப்போது நான் மோந்து பார்ப்பதில்லை. வாளியைத்தான் பார்க்கிறேன். மெத்தை, பாய், மிதியடி எல்லாம் வெளியே போய்விட்டன.

கடையில் பிளேட் பிரிப்பதை நிறுத்திவிட்டேன். இனிமேல் சார்ஜ் போடுவது, புதுப் பேட்டரி விற்பது மட்டும். பின்பக்கம் ஒரு தகரத் தடுப்பு வைத்துக் குளிக்க இடம் கட்டியிருக்கிறேன். பாண்டியனும் ரேடியேட்டருக்கு ஈயப் பற்று வைக்கிறவன்தான். அவனிடம் விவரத்தைச் சொன்னேன், உன் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று. "கையைக் கழுவிட்டாப் போச்சுண்ணே" என்றான். உதட்டை இறக்கிக் காட்டினேன். சாயங்காலம் கடை வாசலில் வண்டியின் கண்ணாடியில் அவன் தன் உதட்டை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 30, சனி

கூடம் துடைத்த மூன்றாவது வாளி, தெளிந்த தண்ணீர்.

செப்டம்பர் 4, வியாழன்

வந்துவிட்டார்கள். மதினி ஆலம் சுற்றினார். நான் தலை ஈரத்தோடு, காலையில் பிரித்த புதுச் சட்டையில் நின்றேன். சட்டை கஞ்சி நெடி அடித்தது. அதுபாட்டுக்கு அடிக்கட்டும்.

தமயந்தி உள்ளே வந்ததும் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, உள்ளறைத் தரையில் ஒரு இழுப்பு இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி கட்டிலுக்கு அடியில் இழுத்துப் பார்த்தாள். துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, "பிள்ளையப் பிடிங்க, நான் உலை வைக்கிறேன்" என்றாள்.

வாங்கினேன். கனத்திருக்கிறாள். பாப்பா என் விரலைத் தேடிப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். வீடு இரண்டுபட அழுதாள்.

"கழுவித்தானே இருக்கு, குடுங்க" என்று அடுப்படியிலிருந்து தமயந்தி சொன்னாள்.

"இல்ல. டிசம்பர் வரைக்கும் பொறுக்கட்டும்."

தமயந்தி எட்டிப் பார்த்தாள். சிரிப்பாளோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

கொசுவலைக்குள் மூன்று பேரும். வலைக்குள் ஒரு கொசுவும்.

நவம்பர் 14, வெள்ளி

பாப்பா குப்புற விழுந்து, தரையில் கிடந்த எதையோ நக்கினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் வெறும் தரை. நான் பதறியதைப் பார்த்துத் தமயந்தி, "காலையில ரெண்டு தடவ தொடைச்சீங்க. சோத்தையே போட்டுத் திங்கலாம்" என்றாள். பாப்பா என் விரலை இன்னும் கேட்கிறாள். தினமும் கேட்கிறாள். மறந்துவிடுவாளோ என்று ஒரு நாள் பயந்தேன். மறக்கவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

எனக்கு இருபத்தாறு. தமயந்திக்கு மூன்று. பாப்பாவுக்கு ஒன்று.

நகம் வெட்டினேன். குளித்தேன். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீரைப் பார்த்தேன். தெளிந்திருந்தது. விரலைக் கொடுத்தேன்.

பல் முளைத்திருக்கிறது. நன்றாகக் கடித்துவிட்டாள்.